பதினேழாம் படம், கீழ் இடது மூலை

பதினோராவது படத்தை ஆணியிலிருந்து தூக்கும்போதும் கொம்பையா அண்ணன் மூச்சுக்குள் "முருகா" என்றார். படத்துக்கு ஒரு முருகா. இன்னும் ஆறு முருகா போனால் அந்தப் படம் வந்துவிடும் என்று செண்பகவல்லி எண்ணினாள், எண்ணியதை உடனே மறக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாம்பல் நிறக் கம்பளி விரித்த மேசையில் படத்தைப் படுக்கவைத்துவிட்டுக் கொம்பையா அண்ணன் வெள்ளைக் கையுறைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் மேபல் டீச்சர். படங்களை வரைந்துவிட்டு இறந்துபோன டிராயிங் மாஸ்டர் வேதமாணிக்கத்தின் மகள், ரிட்டையர்டு தலைமையாசிரியை, இருபத்துநான்கு படங்களையும் நம்பி இரவல் கொடுத்தவர். இந்தப் பக்கம் கௌசல்யா மேடம், பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் பொறுப்பாளர், கையில் நிலை அறிக்கைக் கோப்பு. நடுவில் டார்ச்சோடு செண்பகவல்லி. நேற்றோடு கண்காட்சி முடிந்துவிட்டது. இன்று படங்கள் வீட்டுக்குப் போகின்றன. நாலு மணிக்கு வேன் வரும், அதற்குள் ஒவ்வொரு படமாக இறக்கி, வந்தபோது எப்படி இருந்தது என்று அறிக்கையில் எழுதியிருப்பதை மேடம் படிக்க, டார்ச் வெளிச்சத்தில் டீச்சர் பார்க்க, இருவரும் கையெழுத்துப் போட, கொம்பையா அண்ணன் சுற்றிக் கட்ட வேண்டும். "பதினொண்ணு. மேல் பகுதி, நன்று. கீழ் பகுதி, நன்று. இடது ஓரம், நன்று." மேடம் படிக்கப் படிக்க வெளிச்சம் அந்தந்த இடத்துக்குப் போக வேண்டும். போயிற்று. கை ஆடியது. "எம்மா, லைட்ட ஒழுங்காப் புடி," என்றார் மேபல் டீச்சர், முப்பது வருஷம் வகுப்பறையின் கடைசி பெஞ்சை எட்டிய குரலில். "காலையில சாப்ட்டியா இல்லியா? எங்கப்பா உசுரோட இருக்கைல அவங்க படத்த ஒருத்தரும் இப்படி டார்ச் அடிச்சுப் பாக்கல. இப்பதாம் மோட்சம் கெடச்சிருக்கு." மேடம் சிரித்தார். கொம்பையா அண்ணன் சிரித்தார். செண்பகவல்லியும் சிரிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது, அவளுக்கு எப்போதும் அப்படித்தான், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவள் முகம் தயாராகும்.

டார்ச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது மூன்று மாத இன்டர்ன்ஷிப்பில் அவள் முதல் நாள் தெரிந்துகொண்டது. நேராக அடித்தால் படம் தெரியும், படுக்கவைத்தாற்போல் சாய்த்து அடித்தால் படத்தின் உடம்பு தெரியும். எங்கே வண்ணம் கிளம்பியிருக்கிறது, எங்கே உதிர்ந்திருக்கிறது, எங்கே யாருடைய நகம் பட்டிருக்கிறது எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "படத்துக்குக் காவலா இருக்கியா, படத்துக்கு வைத்தியம் பாக்குறியா, ஒண்ணும் வெளங்கல," என்றாள் அம்மா. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் மேசை தேய்த்த அப்பா பக்கத்திலிருந்து, "சம்பளம் இல்லாம மூணு மாசம் போய் உக்காந்துட்டு வர்றதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சிருக்கானுக," என்றது கேட்டது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, பெருமையை அப்படித்தான் சொல்லத் தெரியும் அவருக்கு. வடக்கே ஓரிடத்தில் பழைய படங்களைச் செப்பனிடும் படிப்பு இருக்கிறது, பன்னிரண்டே இடம், மேடம் ஒரு கடிதம் கொடுத்தால் கிடைத்துவிடும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். கடிதம் தட்டச்சாகி, பழுப்பு உறையில், மேடத்தின் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்தது. காலையில் ஓரம் தெரிந்த அளவுக்கு ஒரு வரியைப் படித்தும்விட்டாள். இவருடைய கண் மிகவும் கவனமானது. கையெழுத்து மட்டும் பாக்கி. "இன்னைக்கு இந்த வேலைய முடிச்சுட்டுப் போட்டுத் தர்றேன்," என்றிருந்தார் மேடம். நாளை கடைசி நாள். இவருடைய கண். பன்னிரண்டாவது படம் வந்துவிட்டது, முருகா, அவள் கவனிக்கவேயில்லை. "பன்னிரண்டு. மேல் பகுதி, நன்று."

மேடம் படிப்பது அவளுடைய கையெழுத்துதான். எல்லாத் தாளும் அவள் எழுதியது. ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், எழுதுகிறவர் பார்க்கக் கூடாது, பார்க்கிறவர் எழுதக் கூடாது, அதுதான் முறை. படங்கள் வந்த அன்றைக்கு மேடம் பார்த்துச் சொன்னார், அவள் எழுதினாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு சதுரம் போட்டு அதைப் படமாக வைத்துக்கொண்டு, பழுதுள்ள இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறி. மத்தியானம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இறக்கிய படங்களை ஈரம் படாமல் வைக்க இடமில்லாமல் மேசை முழுக்க நிறைந்துவிட்டது, அதனால் கொம்பையா அண்ணன் ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து முடிந்ததும் மேடத்துக்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன். "ரெண்டு படம் நீயே பார்த்து எழுதிடு செண்பகா, உனக்குத்தான் கண் இருக்கே," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பதினாறை அவள் நன்றாகப் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். அது ஒரு சைக்கிளும் வேப்பமரமும், சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு பழைய ஈக்கறை, அதைக்கூடக் குறித்தாள். பிறகு பதினேழு. உப்பளம். வெள்ளைக் குவியல்கள், கத்தியால் அப்பி அப்பி ஏற்றிய வெள்ளை, மேலே மங்கலாக ஒரு நீலம். அண்ணனின் கையுறை அதற்குள் நனைந்துபோய் அவர் அதைக் கழற்றியிருந்தார், வெறுங்கையோடு பிடித்திருந்தார், இடது கட்டை விரல் படத்தின் கீழ் இடது மூலையை மூடியிருந்தது. கையைக் கொஞ்சம் எடுங்க அண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நாலு சொல். கீழே பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், குனிந்தால் அவருடைய வயிற்றுக்கு நேரே முகம் போகும், அவர் சட்டையில் கடைசிப் பொத்தான் இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், பதினாறு படம் தூக்கிய மனிதர். இன்னும் மேலே தூக்குங்கள் என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள், அதுவும் சம்பளமில்லாமல் மூன்று மாதம் உட்கார வந்த ஒருத்தி. அவள் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நகம் பாதி கறுத்திருந்தது, சுத்தியல் பட்டிருக்கும். மணிக்கட்டில் மஞ்சள் போய் வெளுத்த கயிறு, இரண்டு முடிச்சு. இதெல்லாம் தெரியும் அவளுக்கு. அந்த விரலைப் பற்றி ஒரு நிலை அறிக்கை கேட்டால் பிசகாமல் எழுதுவாள். "எம்மா, ஆச்சா?" என்றார் அவர். "ஆச்சு அண்ணே," என்றாள். கீழ்ப் பகுதிக்கு நேராக, மேலே எழுதிய நன்று என்ற சொல்லுக்கு அடியில், இரண்டு சின்னக் கோடு போட்டாள். மேற்படி.

"பதிமூணு. வலது ஓரத்தில் பழைய கீறல், ஒரு அங்குலம்," என்று படித்தார் மேடம். வெளிச்சம் போயிற்று. கீறல் இருந்தது, அதே இடம், அதே நீளம். "ஆமா, அது எந்தம்பி சோத்துக் கரண்டியால கீறுனது, அப்ப அவனுக்கு நாலு வயசு, அப்பா பெல்ட்டைத் தேடுனாவ, அது இடுப்புலயே இருந்துச்சு," என்றார் டீச்சர், எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்கள். எழுதியிருந்தால் காயம்கூடப் பத்திரமாக இருக்கிறது என்று செண்பகவல்லி நினைத்தாள். எழுதாத இடம்தான் ஆளைத் தேடும். கொம்பையா அண்ணன் பதிமூன்றை எடுத்துப் போய்க் குமிழ் குமிழான பபுள் ஷீட்டில் சுற்ற ஆரம்பித்தார், டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார், பொதி மேல் ஒட்டிய சீட்டில் 'கட்டியவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். கொம்பையா. ஒவ்வொரு பொதியிலும் அவர் பெயர் போகிறது. இதை அவள் இப்போதுதான் யோசித்தாள், யோசித்ததும் டார்ச்சைப் பிடித்த உள்ளங்கை வழுக்கியது.

ஏனென்றால் இந்த மூன்று நாளாக அவளிடம் ஒரு வழி இருந்தது. பதினேழு வரும்போது டார்ச்சை நேராகப் பிடித்துவிடுவது. கீழ் இடது மூலையில் வெள்ளை வண்ணம் உதிர்ந்த இடத்திலும் உள்ளே பலகையில் பூசிய வெள்ளைதான் தெரிகிறது, நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, டீச்சருக்குக் கண்ணில் ஒரு தடவை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மேடம் கண் தாளில் இருக்கும். யாருக்கும் தெரியாமல் படம் வீட்டுக்குப் போய்விடும், சுவரில் ஏறிவிடும். ராத்திரி படுக்கையில் அந்த வழி ஒரு போர்வைபோல இருந்தது. இப்போது பபுள் ஷீட் சரசரவென்று சுற்றுவதைப் பார்க்கும்போது தெரிகிறது. உதிர்ந்தது மிளகளவுதான், ஆனால் அதைச் சுற்றி வண்ணம் காய்ந்த குளத்துச் சேறு மாதிரிப் பொருக்குவிட்டுக் கிளம்பி நிற்கிறது. ஷீட் அதன்மேல் அழுந்தும். வேன் குலுங்கும். வீட்டில் பிரிக்கும்போது பொருக்கெல்லாம் ஷீட்டோடு வரும். கட்டியவர், கொம்பையா. சாய்த்துப் பிடித்தாலும் அவர்தான். அறிக்கையில் நன்று என்று இருக்கிறதே, நன்றாக வந்த படம் இங்கே கெட்டிருக்கிறது, இங்கே கெட்டது என்றால் யார், பத்து நாளைக்கு முன்னால் பல்பு மாற்ற ஏறும்போது ஏணியைச் சுவரில் மோதியது யார். பதினேழுக்குப் பக்கத்துச் சுவரில்தான் மோதியது, டமால் என்று ஹாலே அதிர்ந்தது, இரண்டு கல்லூரிப் பையன்கள் கைதட்டினார்கள். மேடம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்தார், ஏணி சுவரில் மோதியது, படங்களுக்குச் சேதமில்லை. "சேதம் இருந்திருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது கொம்பையா, உங்களுக்கே தெரியும்," என்றார். தெரியும். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் பட்டியல் அடுத்த வாரம் பதிவாளருக்குப் போகிறது, மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அதில் பெயர். மேடத்தின் ஒரே பேனா, அவள் கடிதத்துக்கும் அவருடைய பட்டியலுக்கும். அவர் இதைப் பற்றி அவளிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார், சுவரில் ஆணி அடித்துக்கொண்டே. "பேரு வந்துட்டா எம்மவ கல்யாணப் பத்திரிகைல பல்கலைக்கழகம்னு போடலாம்லா. இப்ப என்னன்னு போட? ஏணி தூக்குதவன்னா?"

பதினான்கு. முருகா. ஆனால் உண்மை என்ன? ஏணிக்கு முன்னாலா, பின்னாலா? அங்கேதான் அவள் மனசு போய்ப் போய் முட்டியது. நாற்பது நாள் அந்தப் படத்துக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர் வந்தால் கையில் உள்ள எண்ணும் கருவியை ஒரு தட்டு தட்ட வேண்டும், படத்தைத் தொட்டால் தொடாதீங்க என்று சொல்ல வேண்டும். சொன்னதில்லை, எழுந்து நிற்பாள், அவள் எழுந்து நிற்பதைப் பார்த்து அவர்களே கையை எடுத்துக்கொள்வார்கள். "நீ வாயத் தொறந்தா படத்துல உள்ளவுக எல்லாம் முழிச்சிக்கிடுவாவளோ?" என்று கேட்பார் கொம்பையா அண்ணன். அந்த நாற்பது நாளில் ஏதோ ஒரு சாயங்காலம் உப்புக் குவியலுக்கு அருகில் ஒரு சின்ன நாய் நிற்பதைப் பார்த்தாள். அட, மாஸ்டர் நாய் ஒன்று வரைந்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டாள். மறுநாள் காலையில் நாய் இல்லை. மறுபடி சாயங்காலம் நாய். அது நாயல்ல, மேற்கு ஜன்னல் வெயில் சாய்ந்து விழும்போது பள்ளத்தில் நிற்கும் நிழல் என்று மூன்று நாளைக்கு முன்புதான் கிட்டப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஜன்னலில் திரை இருந்தவரை வெயில் விழவில்லை. திரையைச் சலவைக்குப் போட்டது ஏணி மோதிய மறுநாள், தூசி விழுந்ததென்று. அப்படியானால் அதற்கு முன்னால் நாய் இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது. படங்கள் வந்த அன்று போனில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கீழ் இடது மூலையில் கட்டை விரல். பெரிதாக்க ஆக்க விரல்தான் பெரிதாயிற்று, கறுத்த நகம், அதற்குள் ஒரு வெள்ளைக் கீற்று. அதன் அடியில் பள்ளம் இருந்ததா, வழுவழுப்பான வெள்ளை இருந்ததா, விரலை நகர்த்த முடியாது, போட்டோவில் உள்ள விரலிடமும் அவளால் சொல்ல முடியவில்லை. அந்த விரலே அழுத்தி உதிர்த்ததோ? இருக்கலாம். ஏணியோ? இருக்கலாம். டீச்சர் வீட்டில் பத்து வருஷம் முன்னாலேயே உதிர்ந்ததோ? இருக்கலாம். யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவள், ஒரே ஒரு நிமிஷம், சாரல் அடித்த ஒரு மத்தியானம்.

அப்படியென்றால் என்னத்தைச் சொல்வது? அண்ணன் செய்யவில்லை என்று சொல்ல முடியாது, செய்திருக்கலாம். வரும்போதே இருந்தது என்று சொன்னால் டீச்சரைப் பொய்க்காரி ஆக்குவது. மேடம்தான் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனார் என்று சொல்லலாம், அது உண்மை, சொல்லும்போதே வாய் கசக்கிற உண்மை. மிச்சமிருப்பது ஒன்றுதான், அது இவ்வளவு சின்னதாக இருப்பதுதான் கேவலம். நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? கூச்சமாக இருந்தது. இதை யாரிடம் சொல்வது, எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? திருடினேன், குடித்திருந்தேன், கோபத்தில் செய்தேன் என்று சொன்னால் ஆளுக்கு ஒரு எடை இருக்கும். எட்டாம் வகுப்பில் தலைவலி தாங்காமல் இருந்தபோது வகுப்பு டீச்சரிடம் வெளியே போக வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு வகுப்பிலேயே வாந்தியெடுத்தாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊர் வரை போய் நடந்து வந்திருக்கிறாள். அதெல்லாம் அவளோடு போயிற்று, அவள் பாவாடை, அவள் கால். கூச்சம் என்பது தன்னை மட்டும் கடிக்கிற பிராணி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். "பதினஞ்சு முடிஞ்சுது," என்றார் மேடம். "செண்பகா, முகமெல்லாம் வேர்க்குது, தண்ணி குடிக்கிறியா?" தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சரி என்று ஆட்டியிருந்தால் ஐந்து நிமிஷம் கிடைத்திருக்கும், தண்ணீர் கேன் வரை போய், அப்படியே மாடிப்படி இறங்கி, பஸ் ஸ்டாண்டு. டார்ச்சை வேறு யாராவது பிடிப்பார்கள். வேறு யாராவது சாய்த்துப் பிடிப்பார்கள்.

பதினாறு, சைக்கிள், வேப்பமரம், ஈக்கறை. "அடேயப்பா, ஈ இருந்ததக்கூட எழுதியிருக்கியே," என்று மேபல் டீச்சர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாரு பெத்த பிள்ள இது? நல்ல கண்ணுதாம்." "அதான் டீச்சர், இவளுக்கு லெட்டர் குடுக்கப் போறேன்," என்றார் மேடம். கொம்பையா அண்ணன் பதினாறை எடுத்துக்கொண்டு போகிறார், அவளைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார், கேட்டியா என்பதுபோல, அவருடைய சொந்தப் பிள்ளையைப் புகழ்ந்தாற்போல அவருக்கு முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் பார்க்கிறாள், பார்க்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும்.

"அடுத்தது உப்பளம்தான?" என்றார் டீச்சர், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இது எங்க சாப்பாட்டு மேசைக்கு எதுக்கத் தொங்கும். இந்த நாப்பது நாளும் சுவரப் பாத்துத்தாம் சாப்ட்டேன், சோறு எறங்கல." முருகா. ஆணியிலிருந்து கிளம்பியது, காற்றில் வந்தது, கம்பளியில் படுத்தது. வெள்ளை. அவள் டார்ச்சை நேராகப் பிடித்திருந்தாள். தீர்மானித்துப் பிடிக்கவில்லை, கை தானாக உயர்ந்து நேராக நின்றது, மூன்று நாள் படுக்கையில் பழகிய கை. "பதினேழு. மேல் பகுதி, நன்று. கீழ் பகுதி, மேற்படி." வெளிச்சம் மூலைக்குப் போயிற்று. ஒன்றுமில்லை. வெள்ளையில் வெள்ளை. உப்புக் குவியல், அதன் அடியில் தரை, நாய் இல்லை, எதுவும் இல்லை. டீச்சர் "ம்" என்றார். மேடம் அடுத்த வரிக்குப் போக வாயைத் திறந்தார். கொம்பையா அண்ணன் மேசை ஓரத்தில் பபுள் ஷீட்டை ஏற்கெனவே அளந்து கத்தரிக்கத் தொடங்கிவிட்டார், கத்தரி ஓடும் சத்தம், குமிழ் ஒன்று பட்டென்று உடைந்தது. அந்தச் சத்தத்துக்குத்தானா, வேறு எதற்காவதா, அவளுக்குப் பிறகும் தெரியவில்லை, மணிக்கட்டு கீழே இறங்கியது. வெளிச்சம் படுத்தது. உப்புக் குவியலுக்கு அருகில் நாய் எழுந்து நின்றது, அதைச் சுற்றிப் பொருக்கின் ஓரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிழல்விட்டன.

"இது என்னது?" என்றார் மேபல் டீச்சர். மேடம் குனிந்தார். குனிந்தபடியே தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தாள். "இதுல நன்றுன்னு இருக்கே," என்றார் மெதுவாக. பிறகு தலையைத் திருப்பி ஏணி சாத்தியிருந்த மூலையைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். கத்தரிச் சத்தம் நின்றது. கொம்பையா அண்ணன் கையுறைகளைக் கழற்றி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார், அங்கே வண்ணம் ஒட்டியிருக்குமோ என்பதுபோல. "எங்கைதாம் பட்டிருக்கும் மேடம்," என்றார். "வேற யாரு தொட்டா? ஏணி அன்னைக்கு... எனக்கு வெளங்கல. ஆனா எங்கைதாம் இருக்கும்." அவ்வளவு சுலபமாகச் சொன்னார். பதினோரு வருஷம் எது உடைந்தாலும் முதலில் சொல்லிப் பழகிய ஆள், சொல்லிவிட்டால் ஏச்சு குறையும் என்று தெரிந்த ஆள். செண்பகவல்லி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. இன்னொரு தடவை திறந்தாள். "நான் பார்க்கல," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் மேடம் "கொம்பையா, நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்துவிட்டார். "நான் பார்க்கல மேடம்!" ஹால் முழுக்கக் கேட்டது, வெறும் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது, பயந்துபோய் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னத்தப் பாக்கல?" என்றார் டீச்சர். "வந்த அன்னைக்கு. கீழ் மூலைய. அண்ணன் கை அதுமேல இருந்துச்சு. எடுக்கச் சொல்லணும். சொல்லல. பார்க்காமலே கோடு போட்டேன். இது முன்னாலயே இருந்துச்சா, இங்க ஆச்சா, எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது மேடம், ஏணின்னு சொல்ல முடியாது, நான் பார்த்திருந்தாத்தான் சொல்ல முடியும்." மேடம் கையிலிருந்த தாளில் அந்த இரண்டு கோட்டைக் காட்டினாள். "மூணு நாளா எனக்குத் தெரியும்." "கைய எடுக்கச் சொல்றதுக்கு என்ன?" என்றார் மேடம், நிஜமாகவே புரியாமல். இந்தக் கேள்விதான். இதற்குத்தான் மூன்று நாளாகப் பயந்தாள். "கூச்சமா இருந்துச்சு," என்றாள், கொம்பையா அண்ணனின் வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "கூச்சமாம்," என்றார் மேபல் டீச்சர், யாரிடமென்று இல்லாமல். "எங்கப்பா ஒரு வருஷம் கத்தியால அப்புனது, இவளுக்குக் கூச்சமாம்." அவர் விரல் மூலைக்கு மேலே, தொடாமல், காற்றில் நின்றது. முகத்தில் கோபமா வேறு ஏதாவதா என்று பார்க்க அவள் துணியவில்லை.

மேடம் கோப்பிலிருந்து பதினேழாம் தாளைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். சிவப்புப் பென்சிலை மேலே வைத்தார். "நீ எழுதினதுதானே. நீயே திருத்து. இன்னைக்குத் தேதி போடு." அவள் மேற்படிக் கோடுகளின்மேல் ஒரு கோடு கிழித்தாள். பக்கத்தில் எழுதினாள், வந்த அன்று பார்க்கப்படவில்லை. அதை அடித்தாள். நான் பார்க்கவில்லை என்று எழுதினாள். கீழே முழுப் பெயரும் தேதியும். சதுரத்தின் கீழ் இடது மூலையில் சிவப்பாக ஒரு சின்னக் குறி. மேடம் அதைப் படித்தார், ஏணியைப் பற்றிய பழைய தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், பிறகு இரண்டையும் ஒன்றாகக் கோப்பில் கோத்தார். தன் மேசைக்குப் போனார், கண்ணாடிக் குண்டை நகர்த்தினார், பழுப்பு உறையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். இழுப்பறை மூடும் சத்தம் பெரியதில்லை. அது அவளுக்குள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அப்பா போனில் என்ன சொல்வார், ஒன்றும் சொல்ல மாட்டார், தொண்டையைச் செருமுவார். "இதச் சுத்த வேண்டாம், கொம்பையா. தனியா, மேல ஒண்ணும் படாம, படுக்க வச்சே போகட்டும்," என்றார் மேடம் திரும்பி வந்து. "டீச்சர், இதைப் பத்தி நாம உட்கார்ந்து பேசணும்." "பேசுவோம்," என்றார் டீச்சர். "முதல்ல மிச்சத்தப் பாப்போம். வேன்காரன் நிப்பான்."

கொம்பையா அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கையுறைகளை ஒவ்வொரு விரலாக மாட்டினார், நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பதினெட்டாவது மிக அகலமான படம், ஒரு பனங்காடு, மேசையில் கொள்ளாது. முருகா என்று சொல்லாமல் தூக்கினார், அல்லது அவளுக்குக் கேட்கவில்லை. நெஞ்சுக்கு நேரே தாங்கிக்கொண்டு நின்றார், படத்துக்கு மேலே அவர் முகம் மட்டும், அடியில் கால்கள், கீழ் ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கைகள். மேடம் தாளைப் புரட்டினார். "பதினெட்டு. மேல் பகுதி." செண்பகவல்லி டார்ச்சை எடுத்தாள், வெளிச்சத்தைச் சாய்த்தாள், மேலே பார்த்தாள், நடுவே பார்த்தாள். "கீழ் பகுதி." அவள் குனிந்தாள். அவர் மூச்சு வாங்குவது படத்தின் பலகை வழியாகவே தெரிந்தது. இடது கை, நான்கு விரல் அகலம், ஒரு பனையின் அடியை மூடியிருந்தது. மேலேயிருந்து அவர் முகம் அவளுக்காகக் காத்திருந்தது, ஏசாமல், சிரிக்காமல். காது மடல் சுட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, எல்லாம் அன்றைக்கு மாதிரியே. "அண்ணே," என்றாள். "இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. இடது கைய அந்தப் பக்கம் தள்ளி வைங்க." கை நகர்ந்தது.